வட்டத்துக்குள் எண்கள்

(கணிப்பொறி அறிவியல் மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு)

இரவு 10 மணிக்கு உறங்கச் செல்லும் மாணவி எட்டு மணி நேரம் உறங்கினால் எத்தனை மணிக்கு எழுவாள்? பத்தும் எட்டும் பதினெட்டு என்கிறது கூட்டல் கணக்கு. ஆனால் "காலை பதினெட்டு மணிக்கு எழுந்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் 12-ஐத் தாண்டியதும் 13-ஐத் தேடிப் போகாமல் மறுபடி 1-க்கு வந்துவிடுகிறது. கடிகாரம் பார்க்கப் பழகிய சிறுமிக்குக்கூட இது தெரியும்.

கணிப்பொறிக்கோ இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு 12-க்குப் பின் 13, 13-க்குப் பின் 14, அவ்வளவுதான். வாரத்தின் ஏழு நாள்களும், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும், திசைகாட்டியின் 360 பாகைகளும் சுழன்று சுழன்று வருபவை என்பது அதற்குத் தானாகத் தெரியாது. எல்லை தாண்டிப் போகும் எண்ணை மடக்கி, மறுபடி எல்லைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் சிறு செயற்கூறு ஒன்றை நாம்தான் எழுதித் தரவேண்டும். அந்தச் செயற்கூற்றைப் பற்றியதே இக்கட்டுரை. மூன்று வரிகளில் முடியும் வேலைதான். ஆயினும் அந்த மூன்று வரிகளுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பெற்றோரும் பாட்டிமாரும் அதில் விழுவதில்லை. இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே விழுகிறார்கள். எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில், கீழ் வகுப்புகளிலேயே நாம் கற்றுக்கொண்ட வகுத்தலை நினைவுகூர்வோம். 18-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 6. நம் மாணவி எழும் நேரம் காலை 6 மணி. ஆக, மடக்குதல் என்பது மீதி காண்பதே. கணிப்பொறி மொழிகள் பலவற்றில் இதற்கென்றே % என்னும் குறி இருக்கிறது. துணிக்கடைத் தள்ளுபடிப் பலகைகளில் காணும் அதே குறிதான். இங்கே அதற்கு வேலை வேறு. 18 % 12 என்று எழுதினால் 6 என்று விடை வரும்.

கோவிலுக்குச் செல்லும் நமக்கு இந்த மீதிக் கணக்கு புதிதன்று. ஞாயிறு திருப்பலி வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக வருகின்றன; 1969-இல் வெளியான வாசக ஒழுங்கில் இம்முறை அமைந்தது. ஆண்டின் எண்ணை 3-ஆல் வகுத்து, மீதி 1 வந்தால் முதல் ஆண்டு, 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மீதியின்றி வகுபட்டால் மூன்றாம் ஆண்டு. 2025 மூன்றால் வகுபடும். ஆகவே அது மூன்றாம் ஆண்டு, லூக்கா நற்செய்திக்கு உரியது. 2026-ஐ வகுத்தால் மீதி 1; அது மத்தேயுவுக்கு உரிய முதல் ஆண்டு. (திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே புதிய வழிபாட்டு ஆண்டு பிறந்துவிடுவதால், அன்று முதல் வரப்போகும் ஆண்டின் எண்ணைக் கொள்ளவேண்டும்.)

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் ஆண்டுக்கு மீதி 3 என்று வருவதில்லை, பூச்சியம் என்றே வருகிறது. நாம் 1, 2, 3 என்று எண்ணுகிறோம். மீதியோ 1, 2, 0 என்று வருகிறது. மனிதர் இதைப் புன்னகையோடு சரிசெய்துகொள்வார். கணிப்பொறி சரிசெய்துகொள்ளாது.

ஒரு வகுப்பில் 42 மாணவியர் இருப்பதாகக் கொள்வோம். காலைச் செபத்தை முன்னின்று சொல்ல, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி நாளுக்கு ஒருவர். "நேற்றுச் சொன்னவரின் எண்ணோடு 1-ஐக் கூட்டி, 42-ஆல் வகுத்து, மீதியை எடு" என்று நிரல் எழுதினால் என்ன ஆகும்? 39-க்குப் பின் 40, 40-க்குப் பின் 41. 41-க்குப் பின் 42 % 42, அதாவது பூச்சியம். பதிவேட்டில் பூச்சியம் எண்ணுள்ள மாணவி யாரும் இல்லை. மறுநாள் பூச்சியத்தோடு 1-ஐக் கூட்டி, முதல் எண்ணுக்குரிய மாணவியைக் கூப்பிடும். கடைசி எண்ணுக்குரியவருக்கு முறை வரவே வராது. அதில் மகிழ்ச்சி அடைகிறவர்களும் உண்டு என்பது வேறு செய்தி.

இதற்குத் தீர்வு எளிது. எல்லையின் கீழ் எண்ணை முதலில் கழித்துவிட்டு, மீதி கண்டு, கழித்ததைத் திரும்பக் கூட்டவேண்டும். 42-இலிருந்து 1-ஐக் கழித்தால் 41. அதை 42-ஆல் வகுத்த மீதி 41. திரும்ப 1-ஐக் கூட்டினால் 42. கடைசி மாணவி அகப்பட்டுக்கொண்டார். அடுத்த நாள் 43, கழித்தால் 42, மீதி பூச்சியம், கூட்டினால் 1. வட்டம் சரியாகத் திரும்பிவிட்டது. இதையே செயற்கூறாக எழுதுவோம். கணிப்பொறிக்கு ஆங்கிலச் சொற்களில்தான் எழுதுவோம் என்றாலும், பெற்றோருக்கும் புரியவேண்டும் என்பதற்காகத் தமிழில் தருகிறோம்.

சுற்று(எண், கீழ், மேல்):
அகலம் = மேல் − கீழ் + 1
விடை = (எண் − கீழ்) % அகலம் + கீழ்

முதல் வரியில் உள்ள "+ 1" பலரைத் தடுக்கி விழவைப்பது. "பத்தாம் பக்கத்திலிருந்து பதினைந்தாம் பக்கம் வரை படித்து வா" என்று ஆசிரியை சொன்னால் எத்தனை பக்கங்கள் படிக்கவேண்டும்? பதினைந்தில் பத்துப் போக ஐந்து என்று எண்ணிக்கொண்டு வருகிறவர், ஒரு பக்கத்தைப் படிக்காமல் வந்து நிற்பார். பத்தாம் பக்கமும் சேர்த்து ஆறு பக்கங்கள். அதுபோலவே 1 முதல் 42 வரை உள்ள எண்கள் 42. 41 என்று எழுதினால் வட்டம் ஒரு படி சுருங்கிவிடும்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்த "+ 1" வராது. வரைபடத்தில் தீர்க்கக்கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே 180 பாகை, மேற்கே 180 பாகை; மேற்கைக் கழித்தல் குறியிட்டு எழுதுவது கணிப்பொறியாளர் வழக்கம். பிஜித் தீவுகளுள் ஒன்றான தவேயுனியின் வழியாக 180 பாகைக் கோடு செல்கிறது. கிழக்கு 175 பாகையில் இருக்கும் கப்பல் இன்னும் 15 பாகை கிழக்கே சென்றால் 190 பாகை என்று ஓர் இடம் கிடையாது. அது மேற்கு 170, அதாவது −170. நம் முறைப்படி செய்வோம். 190 உடன் 180-ஐக் கூட்டினால் 370. 360-ஆல் வகுத்த மீதி 10. அதிலிருந்து 180-ஐக் கழித்தால் −170. இங்கே அகலம் 360 மட்டுமே, 361 அன்று. பாகைக்குள் அரைப் பாகையும் கால் பாகையும் உண்டு. மேலும் 180, −180 இரண்டும் ஒரே கோடு. ஆளைத் தலையெண்ணும் இடத்தில் ஒன்றைக் கூட்டவேண்டும். நீளத்தை அளக்கும் இடத்தில் கூட்டலாகாது.

மடக்கும்போது ஒரு பொருள் கைநழுவிப் போகிறது என்பதையும் சொல்லவேண்டும். மீதி நமக்கு இடத்தைக் காட்டுகிறது. எத்தனை முறை சுற்றி வந்தோம் என்பது ஈவில் இருக்கிறது. ஈவை எறிந்துவிட்டால் அது போனதுதான். கைப்பேசியில் வழி காட்ட உதவும் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், 1980 சனவரி 6 முதல் வாரங்களை எண்ணி வருகின்றன. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட செய்தி முறையில் வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் பத்து இருமங்கள் மட்டுமே. அதில் 0 முதல் 1023 வரைதான் எழுதமுடியும். 1024 வாரங்கள் முடிந்ததும் எண் மறுபடி பூச்சியமாகிவிடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறையும், 2019 ஏப்ரலில் ஒருமுறையும் அப்படி ஆயிற்று. இது எத்தனையாவது சுற்று என்று அறியாத பழைய கருவிகள், ஏறத்தாழ இருபது ஆண்டு முந்திய தேதியைக் காட்டின. இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு ஆண்டைத் தவறாகச் சொல்லும் கருவியை என்னென்பது!

இதுவரை நாம் முன்னோக்கியே நடந்தோம். இனிப் பின்னோக்கி நடந்து பார்ப்போம். பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2 என்று தொடங்கிச் சனி 6 வரை நாள்களுக்கு எண் கொடுப்போம். இன்று செவ்வாய். பத்து நாளைக்கு முன் என்ன கிழமை? ஏழு நாளைக்கு முன்னும் செவ்வாய். அதற்கும் மூன்று நாள் முன்னே போனால் திங்கள், ஞாயிறு, சனி. விடை சனி, அதாவது 6. கணிப்பொறியிடம் கேட்போம். 2-இலிருந்து 10 போனால் −8. −8 % 7 எவ்வளவு?

நாங்கள் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழி படித்தோம். பன்னிரண்டில் பைத்தான் மொழி படிக்கிறோம். இதே கேள்விக்கு சி பிளஸ் பிளஸ் தரும் விடை −1. பைத்தான் தரும் விடை 6. ஒரே குறி, ஒரே எண்கள், ஓராண்டு இடைவெளியில் இரண்டு விடைகள்!

எது தவறு? வியப்பு என்னவென்றால், வகுத்தல் விதிப்படி இரண்டும் சரியே. வகுஎண்ணை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் கிடைக்கவேண்டும் என்பது விதி. 7-ஐ −1-ஆல் பெருக்கி −1-ஐக் கூட்டினால் −8. 7-ஐ −2-ஆல் பெருக்கி 6-ஐக் கூட்டினாலும் −8. ஈவை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கருத்து வேற்றுமை. −8-ஐ 7-ஆல் வகுத்தால் −1-க்கும் −2-க்கும் நடுவே ஓர் இடத்தில் நிற்கும். சி பிளஸ் பிளஸ் பூச்சியத்தின் பக்கம் திரும்பி −1 என்று கொள்கிறது. பைத்தான் எப்போதும் கீழ்நோக்கி இறங்கி −2 என்று கொள்கிறது. எண்கள் மிகையாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. ஆகையால் வேற்றுமை கண்ணில் படுவதில்லை.

பூச்சியத்தை நோக்கி வெட்டும் வழக்கம் பழையது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியின் வழி அதுவே. சி மொழியில் முதலில் அந்தந்தக் கணிப்பொறிக்கு ஏற்றபடி விட்டுவிட்டார்கள். 1999-இன் தரப்படுத்தலில்தான் பூச்சியத்தை நோக்கி என்று உறுதி செய்தார்கள். சி பிளஸ் பிளஸ் 2011-இல் அதைப் பின்பற்றியது. கணிதம் அறிந்தவர்கள் மறு பக்கம் நின்றார்கள். டொனால்டு கனூத், 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் தொகுதியிலேயே கீழ்நோக்கி இறங்கும் மீதியைத்தான் இலக்கணமாகக் கொண்டார். எங்கள் எண்ணமும் அதுவே. வட்டத்தில் நடப்பவருக்குப் பூச்சியம் என்பது மற்றக் கற்களைப் போல ஒரு கல். அதைத் தாண்டியதும் நடையின் சட்டம் மாறுவதற்குக் காரணமே இல்லை.

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், தாம் ஏன் இவ்வழியைத் தேர்ந்தார் என்பதை 2010-இல் விளக்கினார். அவர் காட்டிய சான்று நம் வீடுகளுக்கும் பொருந்தும். கணிப்பொறிகள் பலவும் 1970 சனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி நொடிகளை எண்ணுகின்றன. நாளுக்கு 86400 நொடி. ஆகவே நொடிக் கணக்கை 86400-ஆல் வகுத்த மீதியே அன்றைய நேரம். ஆனால் 1970-க்கு முந்திய நேரங்கள் குறை எண்களாக வரும். நம் பாட்டிமாரில் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள் அல்லவா? கிரீன்விச் கணக்கில் 1969 திசம்பர் 31 இரவு 11 மணி என்பது −3600. கீழ்நோக்கி இறங்கும் மீதி 82800. அதாவது 23 மணி, மிகச் சரி. பூச்சியத்தை நோக்கி வெட்டினால் −3600; அதாவது "கழித்தல் ஒரு மணி". அப்படி ஒரு நேரத்தில் பிறந்த பாட்டி யாரும் இருக்கமுடியாது.

இனி, பள்ளத்தில் விழும் பிள்ளைகளைப் பார்ப்போம்.

பிறந்த தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்லும் நிரல், கணிப்பொறி கற்பவர்கள் விரும்பி எழுதும் ஒன்று. கண்காட்சியில் வைத்தால் பெற்றோர் கூட்டம் அங்கேதான் நிற்கும். இதற்கான வாய்பாட்டைத் தந்தவர் கிறிஸ்தியான் செல்லர் என்னும் ஜெர்மானியப் புராட்டஸ்டண்டு போதகர். 1880-களில் அதை வெளியிட்டார். முறை இதுதான். மார்ச்சு 3, ஏப்ரல் 4 என்று மாதங்களை எண்ணி, சனவரியையும் பிப்ரவரியையும் முந்தின ஆண்டின் 13, 14-ஆம் மாதங்களாகக் கொள்ளவேண்டும். மாத எண்ணோடு 1-ஐக் கூட்டி, 13-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, ஈவை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். அதனோடு தேதி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், அவற்றை 4-ஆல் வகுத்த ஈவு, ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை 4-ஆல் வகுத்த ஈவு ஆகியவற்றைக் கூட்டவேண்டும். இறுதியில் முதல் இரண்டு இலக்கங்களின் இரு மடங்கைக் கழிக்கவேண்டும். வருவதை 7-ஆல் வகுத்த மீதியே கிழமை. இங்கே மட்டும் சனி 0, ஞாயிறு 1, திங்கள் 2, இப்படியே வெள்ளி 6.

1947 ஆகஸ்ட் 15-க்குப் போட்டுப் பார்ப்போம். மாதத்துக்கு 23, தேதி 15, 47, 11, 4, கூட்டினால் 100. 19-இன் இரு மடங்கு 38 போக 62. 7-ஆல் வகுத்த மீதி 6. நாடு விடுதலை பெற்றது வெள்ளிக்கிழமை, விடை சரி.

அடுத்து 2010 ஏப்ரல் 4. மாதத்துக்கு 13, தேதி 4, 10, 2, 5, கூட்டினால் 34. 20-இன் இரு மடங்கு 40 போக −6! பைத்தான் இதற்கு மீதி 1 என்கிறது, ஞாயிற்றுக்கிழமை. சி பிளஸ் பிளஸ் −6 என்கிறது. அப்படி ஒரு கிழமை கிடையாது. கிழமைகளின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ள அணியில் −6-ஆம் இடத்தைக் கேட்டால், சி பிளஸ் பிளஸ் அணிக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டலாம், நிரலே நின்றும் போகலாம். இந்த இடத்தில் செல்லர் போதகரைக் குறை சொல்லலாகாது. அவர் காகிதத்தில் கணக்கிடுவோருக்காக எழுதினார். −6 வந்தால் ஏழைக் கூட்டிக்கொள்ள அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கழித்தல் எப்போது மேலோங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தோம். 1919 முதல் 1999 வரை எந்தத் தேதியைக் கொடுத்தாலும் கூட்டுத்தொகை குறை எண்ணாக வருவதில்லை. அதாவது, அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, ஆசிரியைகள், அருட்சகோதரிகள் என்று யாருடைய பிறந்த நாளைக் கொடுத்துச் சோதித்தாலும் நிரல் சரியாகவே சொல்லும். 2000 முதல் 2019 வரை பிறந்தவர்களில்தான் சிக்கல். 2010-இல் பிறந்தவர்களானால் மார்ச்சு 1 முதல் 12 வரை, ஏப்ரல் 1 முதல் 9 வரை, மே 1 முதல் 7 வரை, சூன் 1 முதல் 4 வரை, சூலை 1, 2 ஆகிய நாள்களுக்குரியவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள். 2019-க்கு வரும்போது மார்ச்சு 1 என்ற ஒரே ஒரு நாள் மட்டும் மிஞ்சுகிறது. இவர்களிலும் சனிக்கிழமை பிறந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். −7, −14 ஆகியவற்றை ஏழால் வகுத்தால் எந்த மொழியிலும் மீதி பூச்சியம்தானே! பெரியவர்கள் அனைவரும் பாராட்டிவிட்டுப் போனபின், ஏப்ரலில் பிறந்த ஒரு சிறுமி வந்து தன் பிறந்த நாளைத் தட்டும்போது நிரல் பிதற்றும்.

சரிசெய்வது எப்படி? குறை எண் வந்தால் அகலத்தை ஒருமுறை கூட்டிவிட்டு மீதி கண்டால் போதும் என்று தோன்றும். −6-க்குப் போதும், −15-க்குப் போதாது. ஏழைக் கூட்டினால் −8. அதன் மீதி திரும்பவும் −1. எல்லைக்குள் வரும்வரை ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டே போகலாம். விடை சரியாக வரும். ஆனால் கோடிக்கணக்கான நொடிகளை 86400, 86400 ஆகக் குறைத்துக்கொண்டு வருவது, கடலைக் கரண்டியால் இறைப்பது போன்றது. சிறந்த வழி மீதியை இருமுறை காண்பது.

சுற்று(எண், கீழ், மேல்):
அகலம் = மேல் − கீழ் + 1
மீதி = (எண் − கீழ்) % அகலம்
விடை = (மீதி + அகலம்) % அகலம் + கீழ்

ஏழையே அகலமாகக் கொண்டு பாருங்கள். முதல் வகுத்தல், எவ்வளவு பெரிய எண்ணையும் −6-க்கும் 6-க்கும் இடையே கொண்டுவந்துவிடும். அதனோடு 7-ஐக் கூட்டினால் 1-க்கும் 13-க்கும் இடையே வரும். குறை எண் ஒழிந்தது. இரண்டாம் வகுத்தல், வீணாகக் கூட்டிய ஏழை நீக்கி 0-க்கும் 6-க்கும் இடையே நிறுத்தும். பைத்தானில் இந்த இரண்டாம் வகுத்தல் தேவையில்லை. இருந்தாலும் கெடுதல் இல்லை. எழுதியதை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும் நாளில் அது காக்கும்.

தமிழ் ஆண்டுகளின் பெயர்களுக்கும் இச்செயற்கூறு உதவும். அறுபது பெயர்களில் முதலாவதான பிரபவ 1987 ஏப்ரலில் பிறந்தது. 1956 ஏப்ரலில் பிறந்த ஆண்டு எது? 1956-இலிருந்து 1986-ஐக் கழித்தால் −30. அதை 1-க்கும் 60-க்கும் இடையே சுற்றச் செய்தால், 1-ஐக் கழித்து −31; அதன் மீதியும் −31; 60-ஐக் கூட்டி 29; மறுபடி வகுத்தாலும் 29; 1-ஐத் திரும்பக் கூட்டி 30. முப்பதாவது பெயர் துன்முகி. பஞ்சாங்கமும் அதையே சொல்லும்.

இன்னொரு வழியும் உண்டு. எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். கழித்தலையே எழுதாமல் விடுவது! ஏழு நாள் வட்டத்தில் இரண்டு படி பின்னே போவதும் ஐந்து படி முன்னே போவதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே செல்லரின் வாய்பாட்டில் இரு மடங்கைக் கழிப்பதற்குப் பதிலாக ஐந்து மடங்கைக் கூட்டலாம். 2010 ஏப்ரல் 4-க்கு 34 உடன் 100-ஐக் கூட்டினால் 134. ஏழால் வகுத்த மீதி 1. ஞாயிறு.

அது ஞாயிறாகத்தான் இருக்கவேண்டும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அன்று ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழா. அத்திருநாளைக் கணிக்கும் முறையை 1800-இல் வெளியிட்டவர் ஜெர்மானியக் கணித மேதை காவுஸ். அவர் முறையில் எங்கும் மீதி மயம். 2010-ஐ 19, 4, 7 ஆகியவற்றால் வகுத்தால் மீதிகள் 15, 2, 1. முதல் மீதியை 19-ஆல் பெருக்கி 24-ஐக் கூட்டினால் 309. 30-ஆல் வகுத்த மீதி 9. பின்பு இரண்டாம் மீதியின் இரு மடங்கு, மூன்றாம் மீதியின் நான்கு மடங்கு, இந்த 9-இன் ஆறு மடங்கு, இவற்றோடு 5. கூட்டினால் 67, ஏழால் வகுத்த மீதி 4. மார்ச்சு 22-க்குப் பின் 9 உம் 4 உம் சேர்ந்து பதின்மூன்று நாள் எண்ணினால் ஏப்ரல் 4. (24, 5 என்ற எண்கள் 1900 முதல் 2099 வரைக்கும் உரியவை, அரிதாக வரும் இரண்டு விதிவிலக்குகளும் உண்டு.) காவுஸ் ஆறு மடங்கைக் கூட்டியிருப்பதைப் பாருங்கள். ஏழின் வட்டத்தில் அது ஒரு மடங்கைக் கழிப்பதற்குச் சமம். அவர் கூட்டலாகவே எழுதிவைத்தார்.

வாரத்தின் இந்த வட்டத்தைத் திருச்சபையும் கைவைக்காமல் விட்டது. 1582-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, லூயிஜி லீலியோ வகுத்ததும் இயேசு சபைத் துறவியான கிளாவியுஸ் விளக்கிக் காத்ததுமான புதிய நாள்காட்டியை நடைமுறைப்படுத்தியபோது, அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. தேதி பத்து நாள் தாவியது. ஆனால் வியாழனுக்கு அடுத்து வெள்ளியே வந்தது.

இச்செயற்கூற்றை எழுதிப் பார்க்க விரும்பும் தங்கையர், ஏழின் வட்டத்தில் 0 முதல் 6 வரை எல்லை வைத்து −15, −14, −8, −7, −1, 0, 6, 7, 8 ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். முறையே 6, 0, 6, 0, 6, 0, 6, 0, 1 என்று வரவேண்டும். வெறும் மிகை எண்களைக் கொடுத்துத் திருப்தி அடையவேண்டாம். கிழமை நிரல் எழுதியவர்கள் முதலில் 2000-க்கும் 2019-க்கும் இடையே பிறந்த பிள்ளைகளின் பிறந்த நாள்களைக் கேட்டு வாங்குங்கள்; பெற்றோருடையவை அப்புறம் இருக்கட்டும். ஆனால் 2020-க்குப் பின் பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்தாலும் பயனில்லை. அவ்வாண்டு முதல் 2099 முடிய செல்லரின் கூட்டுத்தொகை குறை எண்ணாக வருவதே இல்லை. எண்பது ஆண்டுக் காலம் பழுதே இல்லாததுபோல் ஓடும் நிரல், 2100 மார்ச்சு 1 அன்று −26 என்ற தொகையோடு வந்து நிற்கும். அன்று திங்கட்கிழமை.